அபிப்பிராயத்துக்கு ஈரக்கழிவு

பதுளையில் ஒருவருக்கு அபிப்பிராயம் ஒன்று உண்டாகிவிட்டால் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற நெடுநாள் சிக்கல், சென்ற தை மாதத்தோடு தீர்ந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே, றஹீம் நானாவின் போன் கடைக்கு மேல்மாடியில், ‘ஊவா அனிமே பார்வையாளர் அபிப்பிராய மன்றம்’ என்று மும்மொழியில் பலகை ஏறியது. இரண்டு மொழியில் எழுத்துப் பிழை இருந்தது. மூன்றாவது மொழிக்குப் பெயின்ட் போதவில்லை.

அதுவரைக்கும் நம் மக்கள் அபிப்பிராயத்தைக் கண்ட கண்ட இடத்தில் சிந்திக்கொண்டிருந்தார்கள். ஜப்பான் காதல் தொடர் பார்க்கிறவர்கள் பேஸ்புக்கில் ஒரு பக்கம், ஜப்பான் சண்டைத் தொடர் பார்க்கிறவர்கள் மறு பக்கம். ஹாலிஎலையில் ஒரு சடங்கு வீட்டில் இந்த இரண்டு பக்கமும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட, பாயாச வாளி கவிழ்ந்தது. உடனே பெரிய மனிதர்கள் கூடினார்கள். பெரிய மனிதர்கள் கூடினால் என்ன பிறக்குமோ அது பிறந்தது: ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு இரப்பர் முத்திரை.

தலைவர் புவனேந்திரன். தோட்டத்து ஆபீசில் முப்பத்தொரு வருடம் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் இராசையா, அவருக்குக் கீழே கங்காணியாக இருந்தவர். அனிமே என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியாது. ஆனால் ஆட்களை வரிசையில் நிறுத்தத் தெரியும், பெயர் கூப்பிடத் தெரியும், நிறுக்கத் தெரியும், நிறுத்ததில் கழிக்கத் தெரியும். ஒரு மன்றம் நடத்த இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடையில் போன் உறை விற்கும் சுதர்ஷினிக்கு மேல்மாடியில் நடப்பதெல்லாம் முதலில் விளையாட்டாகத்தான் தெரிந்தது. பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள் அவள். சனிக்கிழமைகளில் மட்டும் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவாள். ஐந்து மணிக்கு ஒரு கொழும்புத் தொலைக்காட்சி ‘நாலரை மணி பஸ்’ என்ற காதல் தொடரைத் தமிழ்க் குரலில் போட்டது. அம்மா கருப்பம்மா மலையிலிருந்து இறங்கி, சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பாள். சுதர்ஷினி பக்கத்தில் உட்காருவாள். ஜப்பானில் எங்கோ ஒரு மலையூரில் பள்ளிக்கூடத்துப் பெண்ணும் பையனும் ஒரே தரிப்பிடத்தில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். பையன் வாயைத் திறக்கமாட்டான். பஸ் வந்துவிடும். இவ்வளவுதான் கதை. வாரத்தில் தாயும் மகளும் அரிசி, தண்ணீர், மருந்து தவிர்த்து வேறு எதையாவது பேசிக்கொள்ளும் இருபத்துமூன்று நிமிடமும் இவ்வளவுதான்.

“ஊமையன்னு சொல்லாத அவன,” என்பாள் கருப்பம்மா. “ஊமையனா இருந்தா கையாலயாச்சும் சொல்லியிருப்பான். இவன் வாய வச்சிக்கிட்டு நிக்கிறான்.”

“பயம்மா அவனுக்கு.”

“பயந்தவன் அந்தப் புள்ளைக்கு முன்னாடி வந்து ஏன் நிக்கணும்? அடுத்த பஸ்ஸுல போக வேண்டியதுதானே.”

போனில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம். ஆனால் அதில் இங்கிலீஷ் எழுத்து ஓடும். கருப்பம்மாவுக்கு அது எறும்பு வரிசை. லயத்தில் சிக்னலும் விருந்தாளி மாதிரி, வந்தால் வரும். ஆகவே தமிழ்க் குரல் நின்றால் அந்த இருபத்துமூன்று நிமிடமும் நிற்கும்.

நிற்கும்போல்தான் இருந்தது. கொழும்பிலிருந்து மன்றத்துக்குக் கடிதம் வந்தது. ஐந்து மணிக் காதல் தொடர், ஐந்தரை மணிச் சண்டைத் தொடரான ‘இரும்பு நரி’, இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் இனிமேல் தமிழ்க் குரல் கொடுக்க முடியும். ஊவா மாகாணப் பார்வையாளரின் அபிப்பிராயத்தைப் பதிவு பெற்ற அமைப்பு வழியாக ஒரு மாதத்துக்குள் அனுப்பவும். அபிப்பிராயம் எதுவும் இல்லாவிடின் இரண்டும் நிறுத்தப்படும்.

கடிதத்தைப் பிரதி எடுக்கக் கீழே கொண்டுவந்தபோது சுதர்ஷினி அதைப் படித்தாள். அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே மேல்மாடிப் படியில் நின்றாள், கையில் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு.

மேலே பெரட்டு நடந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்க வரிசை நிறுத்துவார்களே, அதே பெரட்டு. காதல் வரிசை ஜன்னல் பக்கம், சண்டை வரிசை கக்கூஸ் பக்கம். சண்டை வரிசைக்கு முன்னால் ஆட்டோ ஓட்டும் இன்பாஸ் நின்றான்.

“என்ன தங்கச்சி, ஒங்கட பொடியன் இந்தக் கெழமையும் வாய தொறக்கல்லையாமே.”

“ஒங்க நரி மலையா வெட்டிக்கிட்டே போவுதே, ஜப்பான்ல இன்னும் மலை மிச்சமிருக்கா?”

“மிச்சமில்லாட்டி நமுனுகலைக்கு வரும். பார்த்துக்கொண்டு ஈங்க.”

இராசையா பெயர் கூப்பிட்டு முடித்து, சுதர்ஷினியின் தாளை வாங்கி விரலால் வரி வரியாகத் தடவினார்.

“என்னம்மா இது? கவ்வாத்து வெட்டாத மலையாட்டம் மண்டிக் கெடக்கு.”

“மனசுல பட்டத எழுதுனேங்க.”

“மனசுல பட்டதெல்லாம் கூடையில போட்டா பெக்டரி எடுக்குமா? ரெண்டு இலை, ஒரு மொட்டு. அதான் மட்டம், அதான் அளவு. ரெண்டு வரி எழுது, ஒரு மொட்டு வையி.”

“மொட்டுன்னா?”

இராசையா சுவரைக் காட்டினார். அங்கே அனுமதிக்கப்பட்ட மொட்டுக்கள் சட்டம் போட்டுத் தொங்கின: அருமை, சுமார், மோசம். கீழே சிவப்பு எழுத்தில், ‘ஆனால், இருந்தாலும், ஒருவேளை ஆகிய காம்புகளைக் கிள்ளிவிட்டுக் கொண்டுவரவும்.’

சுதர்ஷினி படியில் உட்கார்ந்து காம்பு கிள்ளினாள். ஒன்றரைப் பக்கம் இப்படி வந்து நின்றது: ‘பையன் பேசவில்லை. பெண் காத்திருக்கிறாள். அருமை.’

“எதுங்க அருமைன்னு தெரியலையே, படிச்சா.”

“அது முத்தல். முத்தல் எடுக்கமாட்டோம்.”

தாள் சாக்குக்குள் போனது. சாக்கு, மன்றத்துக்கென்றே தோட்டத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த தொங்கு தராசின் கொக்கியில் ஏறியது. முள் அசையவில்லை. ஒரு தாளுக்கு முள் ஏன் அசைய வேண்டும்? ஆனால் வரிக்கு ஒரு கிலோ, மொட்டுக்கு ஒரு கிலோ என்று மன்றத்தின் யாப்பு விதியில் இருந்ததால் இராசையா சாக்கின் அடியைப் பிடித்து, முள் மூன்றைத் தொடும்வரை நிதானமாக இழுத்தார். யாருக்கும் அநியாயம் செய்யாத இழுவை.

“மூணு கிலோ. சாக்குக் கழிவு ஒண்ணு. வழிக் கழிவு ஒண்ணு, பசறைலேர்ந்து வர்றதால.” பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். “அழுதியா?”

“எப்பங்க?”

“படம் பாக்கையில.”

சுதர்ஷினிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “கொஞ்சம்.”

“ஈரக்கழிவு ஒண்ணு.” மழையில் நனைந்த கொழுந்துக்குத் தோட்டத்தில் கழிப்பார்களே, அதே கழிவு.

அடுத்து வந்த இன்பாஸ், தான் அழவே இல்லை என்று முன்கூட்டியே சத்தியம் செய்தான். சண்டை பார்க்கையில் உள்ளங்கை வியர்த்ததா என்று கேட்டார்கள். வியர்த்தது. வியர்வையும் ஈரம்தான் என்று தலைவரின் சுற்றறிக்கை இரண்டில் இருந்தது.

கீழே இறங்கி வந்து இதைச் சொன்னபோது றஹீம் நானா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். நாற்பது வருடம் வியாபாரத்தில் இருந்த மனிதர். பண்டாரவளைச் சந்தையில் தக்காளிக்கு விலை பேசத் தொடங்கி, இப்போது தொட்டுப் பேசும் போனுக்கு விலை பேசுகிறவர்.

“மகள், மூணு தந்தீங்க. மூணு கழிச்சாங்க. மிச்சம் எவ்வளவு ஈக்குது?”

சுதர்ஷினி விரலை மடக்கிப் பார்த்தாள்.

“அத மேல போய்க் கேளுங்க,” என்றார் நானா. “நான் ஏமாத்துற யாவாரியெல்லாம் கண்டவன். சாமானையே இல்லாம ஆக்குற யாவாரிய இப்பதான் காண்றேன்.”

மேலே போய்க் கேட்டாள். இராசையா மனம் நோகவில்லை. சந்தேகம் கேட்பவர்களை அவருக்குப் பிடிக்கும். பதில் சொல்லும்போது கை கட்டி நிற்பார்கள்.

“மிச்சம் வருதா வரலையாங்கிறது நம்ம வேல இல்லம்மா. கழிவு ஒழுங்கா நடக்குதாங்கிறதுதான் நம்ம வேல. மிச்சத்தக் கொழும்பு பாத்துக்கும்.”

இரண்டாம் வாரம் கருப்பம்மாவே மகளிடம் ஒரு அபிப்பிராயத்தைச் சொல்லி அனுப்பினாள். மகள் கேட்டு எழுதியது அது. ‘நாலரை மணி பஸ்’ முடிந்த கையோடு டிவியை அணைக்காமல் விட்டதில், இரும்பு நரி வாளைச் சுழற்றி ஒரு மலையை இரண்டாகப் பிளந்ததைக் கருப்பம்மா பார்த்துவிட்டாள். மீரியபெத்தயில் தங்கச்சி வீட்டை மண் மூடிய வருடத்திலிருந்து மலை விஷயத்தில் அவளுக்கு விளையாட்டு கிடையாது. சுடுதண்ணீரிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சொன்னாள்: “மலையப் பொளக்குறானே, கீழ லயம் இருக்கா, யாராச்சும் தூங்குறாங்களான்னு ஒரு தரம் குனிஞ்சு பாத்தானா அவன்? இவனயெல்லாம் வீரன்னு எவன் சொன்னது?”

இராசையா அதைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “ஒன் பேரு காதல் செக்ரோல்ல இருக்கு. இது சண்டை மலைக் கொழுந்து. ஒரு மலையில பேர் போட்டுக்கிட்டு இன்னொரு மலையில பறிக்கக் கூடாது.”

“எங்கம்மா சொன்னதுங்க இது.”

“ஒங்கம்மா பேரு எந்தச் செக்ரோல்ல இருக்கு?”

எதிலும் இல்லை. விவகாரம் தலைவரிடம் போனது. புவனேந்திரன் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, வயதான தொழிலாளி என்பதால் விசேட அனுமதி வழங்கி, சிவப்புப் பேனாவால் அவரே மட்டம் பார்த்துக் கொடுத்தார். கருப்பம்மாவின் அபிப்பிராயம் இவ்வாறு பதிவானது: ‘மலை பிளக்கப்பட்டது. லயம் உள்ளது. அருமை.’

“அருமைன்னு எங்கம்மா சொல்லலையே ஐயா.”

“வீரன் என்ற சொல் இருக்கிறதே. வீரன் என்றால் அருமை வகை.” கழிவுப் பத்தியில் ஈரத்துக்கு நேரே ஒன்று என்று எழுதினார்.

“அம்மா அழலைங்க. கோவமாத்தான் சொன்னாங்க.”

“மண் சரிந்தது என்றால் மழை பெய்திருக்கும்,” என்றார் தலைவர் பொறுமையாக. “மழை என்றால் ஈரம்.”

அன்று மாலை இதை அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்து, கடைசியில் சொன்னாள். அடுத்த ஞாயிறு விடிய, கருப்பம்மா பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள்.

“எங்கம்மா போறீங்க?”

“நிறுக்கிற எடத்துக்கு.”

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் முப்பது வருடம் தராசைப் பார்த்து நின்றவள் அவள். மேல்மாடிக்கு ஏறியதும் வரிசையில் நிற்காமல் நேரே தராசுக்குப் பக்கத்தில் போய், முள் தெரியும் இடமாகப் பார்த்து நின்றாள். மகளின் தாள் சாக்கில் விழுந்தது. இராசையாவின் கை சாக்கின் அடிக்குப் போனது.

“கங்காணி,” என்றாள் கருப்பம்மா. “கைய எடுங்க.”

“எடுத்தா எடை காட்டாதே.”

“பரவால்ல. எடுங்க.”

எடுத்தார். முள் பூச்சியத்துக்குத் திரும்பியது. காதல் வரிசையில் ஒரு முணுமுணுப்பு. சண்டை வரிசையில் இன்பாஸ் எட்டிப் பார்த்தான்.

“எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்,” என்று எழுந்தார் தலைவர். “இவர்களுடைய அபிப்பிராயத்துக்குச் சொந்தமாக எடையே கிடையாது. இருந்தும் மன்றம் மூன்று கிலோ போடுகிறது. இது தாராளமா இல்லையா?”

“ஐயா, நீங்க அந்தப் படத்தப் பாத்தீங்களா?”

தலைவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல் கோட்டின் பொத்தானைப் போட்டார். வரிசைகள் நேராயின. கூட்டக் குறிப்பேட்டில் எழுத இராசையா பேனாவைத் திறந்தார்.

“கருப்பம்மா கேட்டது நல்ல கேள்வி. நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். முப்பத்தொரு வருடம் கொழுந்து நிறுத்தேன். ஒரு கொழுந்தைக் கிள்ளியது கிடையாது. கிள்ளினால் கை வலிக்கும். கை வலித்தால் கழிக்க மனம் வராது. கழிக்க மனம் வராதவன் கிளாக்கராக இருக்க முடியாது. அதேபோல இந்தத் தொடர்களை நான் பார்த்தால், எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டாகிவிடும் அபாயம் இருக்கிறது. பிறகு உங்களுடையதை யார் நடுநிலையாகக் குறைப்பது? ஒரு அபிப்பிராயமும் இல்லாமல் இந்த வயது வரை வந்திருக்கிறேன். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதனால்தான் எனக்கு எட்டுத் துரைமாருக்குக் கீழே வேலை செய்ய முடிந்தது.”

கைதட்டினார்கள். பெரட்டில் நிற்கிறவர்கள் கைதட்டித்தான் பழக்கம்.

“அப்ப எங்களுக்கு என்ன போட்டிருக்கீங்க?” என்று கேட்டாள் கருப்பம்மா.

இராசையா பேரேட்டைப் பார்த்தார். “ஒங்களுக்கு அரைப்பேர்.” கொழுந்து குறைந்த நாளில் தோட்டத்தில் பாதிச் சம்பளத்துக்குப் போடும் பேர் அது.

மன்றம் வாராவாரம் போடும் செய்தித்தாளில் அந்த வாரம் அவள் பெயர் ‘கருப்’ என்று அச்சானது.

பதினோராவது பாகம் அடுத்த சனிக்கிழமை போனது. நாலரை மணி பஸ் வந்து நின்றது. பெண் முதல் படியில் ஒரு காலை வைத்தாள். பின்னாலிருந்து பையன், பத்துப் பாகமும் அதற்கு மேலும் மூடியிருந்த வாயைத் திறந்தான். அங்கே தொடரும் போட்டுவிட்டார்கள். கருப்பம்மா ரிமோட்டைக் கையில் பிடித்தபடி மகள் பக்கம் திரும்பினாள்.

“என்ன சொல்லியிருப்பான்?”

“அடுத்த வாரம் தெரியும்மா.”

“தெரியும்ல?”

“தெரியும்.”

அடுத்த வாரம் ஐந்து மணிக்குச் சமையல் நிகழ்ச்சி ஒன்று போனது. யாரோ ஒருவர் கத்தரிக்காயைப் பற்றி மெச்சிப் பேசினார். ஐந்தரைக்கும் கத்தரிக்காய்தான்.

மறுநாள் நகரத்தில் ஒரு மண்டபம் எடுத்து, வாழைமரம் கட்டி, மன்றம் பாராட்டு விழா வைத்தது. எதற்குப் பாராட்டு என்று கீழே கடையில் சுதர்ஷினி கேட்டாள். றஹீம் நானா கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்: “தெரியல்ல மகள். வாங்க, போய்ப் பார்ப்பம். சாமானே இல்லாமத் தெறக்கிற கடைய நானும் பார்க்கோணும்.”

மண்டபம் நிரம்பியிருந்தது. தொடர் நின்ற கோபத்தில் வந்தவர்கள்தான் பெரும்பாலும்; கருப்பம்மாவும் வந்திருந்தாள். மாலை போட்டுக்கொண்ட புவனேந்திரன் கொழும்புக் கடிதத்தை உயர்த்திக் காட்டிவிட்டு வாசித்தார்.

“‘தங்கள் மன்றம் அனுப்பிய நிறுவை அறிக்கை மிகவும் ஒழுங்கானது. முந்நூற்றுப் பன்னிரண்டு அபிப்பிராயங்கள், மொத்தம் தொளாயிரத்து முப்பத்தாறு கிலோ; கழிவு தொளாயிரத்து முப்பத்தாறு கிலோ; மிச்சம் இல்லை. ஆகவே ஊவா மாகாணத்தில் அபிப்பிராயம் இல்லை என்பதை அறிந்துகொண்டோம். தங்கள் அறிக்கையை முழுமையாக ஏற்று இரண்டு தொடர்களையும் நிறுத்தியுள்ளோம்.’ அன்பர்களே, முழுமையாக ஏற்று என்கிறார்கள். இந்த மலைநாட்டிலிருந்து போன ஒரு கடதாசியைக் கொழும்பு முழுமையாக ஏற்றது இதுவே முதல் தடவை.”

முன்வரிசை கைதட்டியது. பின்வரிசைக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது, ஆனால் அதுவும் தட்டியது. கைதட்டல் அடங்குவதற்குள் கருப்பம்மா எழுந்து நின்றாள்.

“ஐயா, அந்தப் புள்ள பஸ்ஸுல ஏறுச்சா, ஏறலையா?”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கோப்பைப் புரட்டினார். “அது நம்ம பதிவுல இல்லைங்க ஐயா.”

“கடைசிப் பாகத்துல நரி மலைக்கு அங்கால விழுந்தானே, அவன் மௌத்தா, உசிரோட ஈக்கானா?” என்றான் இன்பாஸ், பின்னாலிருந்து எழுந்து. இத்தனை காலம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்ட இரண்டு வரிசையும் அன்றுதான் முதல் தடவையாகக் கலந்து எழுந்து நின்றது. யார் காதல், யார் சண்டை என்று மேடையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. புவனேந்திரனின் முகத்தில் முப்பத்தொரு வருடத்தில் காணாத ஒரு கலக்கம் தெரிந்தது. வரிசை குலைந்தால் அவருக்கு ஆட்களைத் தெரியாது.

ஆனால் மன்றம் என்றால் மன்றம். மேடையிலேயே அவசரக் கூட்டம் கூடியது. கூட்டத்துக்கு வேண்டிய கோரம் இருந்தது; இருவரும் வந்திருந்தார்கள். ஏறினாள் என்றால் காதல் தரப்பு அழும், ஈரம். ஏறவில்லை என்றாலும் அழும், அதுவும் ஈரம். பத்து நிமிடம் குசுகுசுத்துவிட்டு இராசையா மைக்கைப் பிடித்துத் தீர்மானத்தை வாசித்தார்.

“சம்பந்தப்பட்ட பெண் ஒரு காலைப் படியில் வைத்திருப்பதால், ஏறியதாக அரைப்பேர் போடப்படுகிறது. மன்றத்தின் மறு அறிவித்தல் வரை அவர் அதே படியில் நிற்க வேண்டும். பையன் வாயைத் திறந்தபடி இருக்கலாம். பேசக் கூடாது. நரியின் விவகாரம் உப குழுவுக்கு அனுப்பப்படுகிறது.”

சுதர்ஷினி அம்மாவின் கையைப் பிடித்தாள். கருப்பம்மா மேடையை ஒரு தடவை பார்த்தாள். மாலையை, முத்திரையை, மைக்கை, அதற்குப் பின்னால் நின்ற இரண்டு மனிதரை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“எங்க போறீங்க? தீர்மானம் இன்னும் நிறைவேறல,” என்றார் இராசையா. “ஒங்களுக்கு ஆட்சேபணை இருந்தா ரெண்டு வரியில எழுதிக் குடுங்க.”

“ஆட்சேபணை எதுக்குங்க,” என்றாள் கருப்பம்மா, கதவுப் பக்கம் நடந்துகொண்டே. “அவ ஏறிப் போயி ரொம்ப நேரமாச்சு. அந்தப் பயலும் பின்னாடியே ஓடிப்போய் ஏறிட்டான். நீங்கதான் பாக்கல.”

மண்டபத்தில் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஒருவர் பின் ஒருவராக, வரிசை இல்லாமல், அவள் போன வழியே எல்லோரும் இறங்கினார்கள். படியில் யாரோ என்ன சொன்னானாம் அவன் என்று கேட்க, யாரோ ஒன்று சொல்ல, இன்பாஸ் அதெல்லாம் இல்லை என்று வேறொன்று சொன்னான். தெருவுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

மேலே வெற்று மண்டபத்தில் புவனேந்திரன், வெளியேறியவர்களின் எண்ணிக்கையில் ஈரக்கழிவு எவ்வளவு என்று இராசையாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.